வீட்டில் கட்டிய பைக்கோடு 402 மீட்டர்: புதிதாக வருபவருக்கு

எங்கள் லேத் பட்டறையில், வெர்னியரும் மைக்ரோமீட்டரும் இருக்கும் அலமாரியின் மேல் தட்டில் பதினோரு நீள நோட்டுகள் அடுக்கியிருக்கின்றன. எல்லாம் பைக் நோட்டு. முதல் நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி: ‘வண்டி இன்னிக்கு நல்லா ஓடுச்சு.’ கார்பரேட்டரில் என்ன ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளை) போட்டிருந்தேன், செயின் ஓடும் பின் ஸ்ப்ராக்கெட்டில் எத்தனை பல், வெயிலா மப்பா, ஒன்றும் எழுதவில்லை. இருபத்தெட்டு வருடம் கழித்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. அடுத்த ஆறு மாதம் அந்த ‘நல்லா ஓடுச்சு’வைத் திரும்பப் பிடிக்க நான் பட்ட பாடு ஞாபகம் வந்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது.

அதனால் வீட்டில் பைக் கட்டி நேர்கோட்டுப் பந்தயம் ஓட்டும் இந்தப் பொழுதுபோக்குக்கு வருகிற தம்பிகளிடம் நான் முதலில் சொல்வது, கடைக்குப் போய் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி வா என்பதுதான். ஸ்பேனர் அப்புறம்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். தமிழில் எழுதினால் பந்தயத்தின் பெயரும் (drag) அது நடக்கும் இடத்தின் பெயரும் (track) ஒரே மாதிரி ஆகிவிடும். இங்கே டிராக் என்றால் நேர்கோட்டில் ஓடும் பந்தயம். ஓடும் இடத்தைத் தடம் என்றே எழுதுகிறேன்.

பந்தயம் என்னவோ எளிமையானதுதான். நின்ற இடத்திலிருந்து இரண்டு வண்டிகள் கிளம்ப வேண்டும், நேராக ஓட வேண்டும், முதலில் கோட்டைக் கடக்க வேண்டும். உலகம் முழுக்க வழக்கமான தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். அதில் பாதி, 201 மீட்டரும் உண்டு. நம் ஊரில் தடத்தின் நீளத்தைப் பொறுத்து 300 மீட்டர் வாக்கிலும் வைப்பார்கள். வளைவு கிடையாது, சுற்று கிடையாது. பதினைந்து வினாடியில் முடிந்துவிடும். அந்தப் பதினைந்து வினாடிக்காக வருடம் முழுக்க வேலை செய்யும் பைத்தியம் உங்களுக்குப் பிடிக்குமா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் ஒரு பந்தயத்தைப் போய்ப் பாருங்கள்

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் தேசிய டிராக் போட்டி நடக்கும்போது ஒரு நாள் முழுக்கப் போய் நில்லுங்கள். பெங்களூரின் ஹேமந்த் முத்தப்பா பெரிய சூப்பர்பைக்குகளில் பட்டங்கள் அடித்த தடம் அது. ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது அந்தப் பெரிய வண்டிகளை அல்ல. சின்ன இரண்டு ஸ்ட்ரோக் வகுப்புகள் ஓடும்போது பின்னால் வண்டிகளைத் தயார் செய்யும் இடமான பேடாக்கில் நில்லுங்கள். யார் எதைக் கழற்றுகிறார், எதைத் தொடாமல் விடுகிறார், டயரில் காற்று பார்ப்பது எப்போது, வண்டியை வரிசைக்கு ஓட்டிக்கொண்டு போகிறாரா, எஞ்சினை அணைத்துத் தள்ளிக்கொண்டு போகிறாரா என்பதையெல்லாம் பாருங்கள். கேட்டால் சொல்வார்கள். ஜெட் நம்பரைத் தவிர எல்லாவற்றையும் சொல்வார்கள்.

சென்னைக்கு இது புதிதும் இல்லை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கியது. இருங்காட்டுக்கோட்டைத் தடம் வருவதற்கு முன்னால் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில்தான் பந்தயம். அங்கே வேடிக்கை பார்த்தவர்கள் வீட்டுக்கு வந்து தங்கள் வண்டியின் சைலன்சரை அறுத்த கதைகள் ஒவ்வொரு பட்டறையிலும் உண்டு.

ரோடு வேண்டாம்

சாலையில் ரேஸ் விட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆவது பிரிவு: முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் ஒரு வருடம், 10,000 ரூபாய் வரை போகும். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றிய வண்டியை ரோட்டில் ஓட்டுவதற்கு 52ஆவது பிரிவு தனியாக இருக்கிறது. சட்டம் கிடக்கட்டும், கணக்கைப் பாருங்கள். 140 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 39 மீட்டர். நல்ல பிரேக், நல்ல ரோடு என்றாலும் நிற்க 125 மீட்டருக்கு மேல் வேண்டும். கை பிரேக்குக்குப் போகும் முன்னாலேயே 39 மீட்டர் ஓடியிருக்கும். இந்த இடைவெளியில் ஒரு நாய் குறுக்கே வராத சாலை எது என்று எனக்குச் சொல்லுங்கள்.

ஆக, இந்த வண்டி இனி ரோட்டில் ஓடாது. தடத்துக்குக் குட்டி யானையில்தான் போகும். வேலைக்குப் போய்வரும் வண்டியை டிராக் பைக் ஆக்கலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. முதலுக்கே மோசம். இரண்டுக்கும் உதவாத ஒன்றுதான் மிஞ்சும்.

எந்த வண்டி

நான் எழுதப்போவது யமஹா ஆர்எக்ஸ் 135ஐ மனதில் வைத்து. 58 மி.மீ. போர், 50 மி.மீ. ஸ்ட்ரோக், 132 சிசி, ரீட் வால்வு (கலவையை உள்ளே மட்டும் விடும் மெல்லிய தகடு). பிளாக்கைக் கழற்ற அரைமணி நேரம் போதும். கேம் இல்லை, ஹெட்டில் வால்வு இல்லை, டைமிங் செயின் இல்லை. போர்ட் (சிலிண்டர் சுவரில் உள்ள துளை), பைப், கார்பரேட்டர் மூன்றும் ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

பிரச்சினை, இன்று ஆர்எக்ஸ் என்றாலே யானை விலை குதிரை விலை. ஆர்எக்ஸ் 100க்கு அதைவிட மோசம். பேப்பர் சரியாக இருக்கும் பளபள வண்டியை வாங்கி அறுக்காதீர்கள், பாவம். வண்டியின் சட்டம் (ஃபிரேம்) நேராக இருந்து, எஞ்சின் கேஸ் வெடிக்காமல், மீதியெல்லாம் போன வண்டி ஒன்றைத் தேடுங்கள். கோவையில் உக்கடம் பக்கம், சென்னையில் புதுப்பேட்டை. எஞ்சின் நம்பரும் சட்ட நம்பரும் பேப்பரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். திருட்டு வண்டி கைக்கு வந்தால் டிராக் ஸ்டேஷனில்தான் ஓட்ட வேண்டிவரும். ஆர்எக்ஸ் கிடைக்கவில்லையா, பழைய பல்சரோ அப்பாச்சியோ எடுங்கள். எஞ்சின் பகுதியைத் தவிர நான் சொல்வது எல்லாம் அதற்கும் பொருந்தும். போட்டி வகுப்புகள் இரண்டு ஸ்ட்ரோக், நான்கு ஸ்ட்ரோக் என்றும் சிசி வாரியாகவும் பிரிந்திருக்கும். அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டு வண்டி வாங்குங்கள், வாங்கிவிட்டுப் படிக்காதீர்கள்.

தொடுவதற்கு முன் அளந்துகொள்ளுங்கள்

வண்டியை முதலில் கம்பெனி நிலைக்குக் கொண்டுவாருங்கள். புது ரிங், புது சீல், புது கிளட்ச் பிளேட், புது செயின் செட், பேரிங் எல்லாம் மாற்றுங்கள். அந்த நிலையிலேயே முதல் போட்டிக்குப் போங்கள். கடைசியாக வருவீர்கள், வரட்டும். நோட்டில் ஒரு எண் விழும். அதற்குப் பிறகு செய்கிற ஒவ்வொரு வேலையையும் அந்த எண்ணோடு ஒப்பிடலாம்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். இது கேட்க எளிது, கடைப்பிடிக்க ரொம்பக் கஷ்டம். பைப்பும் மாற்றி, ஜெட்டும் மாற்றி, ஸ்ப்ராக்கெட்டும் மாற்றிவிட்டு வண்டி மெதுவாக ஓடினால் பழி ஓரிடம் பாவம் ஓரிடம் ஆகிவிடும்.

எடை

குதிரைத்திறனுக்குச் செலவழிக்கும் முன் தராசைப் பாருங்கள். கால் மைல் நேரத்தை மதிப்பிட ஒரு பழைய சூத்திரம் உண்டு: மொத்த எடையைக் கிலோவில் எடுத்து குதிரைத்திறனால் வகுத்து, கனமூலம் கண்டு, 7.58ஆல் பெருக்கினால் வினாடி வரும். வண்டி 98 கிலோ, நீங்கள் 72 கிலோ, மொத்தம் 170. எஞ்சின் 22 குதிரை என்று வைத்தால் 15 வினாடி. அதே எஞ்சினோடு 10 கிலோ குறைந்தால் 14.7. அந்த 0.3 வினாடியை எஞ்சினிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் இன்னும் சுமார் ஒன்றரைக் குதிரை வேண்டும். பிளாக், ஹெட், பைப் என்று ஒரு மாதச் சம்பளம் போய்விடும்.

லைட், இண்டிகேட்டர், சாவி செட், சென்டர் ஸ்டாண்டு, பேட்டரி, பின் ஃபுட்ரெஸ்ட், டேங்க், எல்லாம் கிளம்பட்டும். ஒரு லிட்டர் பிடிக்கும் சின்ன டேங்க் போதும். முன் பிரேக்கை மட்டும் தொடாதீர்கள். அதைக் கழற்றிவிட்டு வருகிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். கிளம்புவது எல்லோருக்கும் வரும், நிற்பதுதான் வித்தை. சட்டத்தில் துளை போட்டு எடை குறைப்பதும் வேண்டாம். இருநூறு கிராம் மிச்சம் பிடித்து முதுகெலும்பை ஏலம் விடுகிற வேலை அது.

மீதி எடை உங்கள் வயிற்றில் இருக்கிறது. இதில் நான் யாருக்கும் புத்தி சொல்லும் நிலையில் இல்லை.

சட்டமும் ஸ்விங் ஆர்மும்

கிளட்ச் விட்டவுடன் முன் சக்கரம் தூக்கும். தூக்கினால் ஆக்சிலரேட்டரைக் குறைக்க வேண்டிவரும், நேரம் போகும். எனவே வண்டி தாழ வேண்டும், நீள வேண்டும். முன் ஃபோர்க்கை கிளாம்புக்குள் மேலே ஏற்றி 40, 50 மி.மீ. தாழ்த்துங்கள். பின்னால் ஷாக் அப்சார்பரைக் குட்டையாக்குங்கள், அல்லது அதன் இடத்தில் இரும்புத் தண்டு போட்டு இறுக்கிவிடுங்கள். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மை 75 முதல் 100 மி.மீ. வரை நீட்டினால் 22 குதிரை வண்டிக்குப் போதும். படத்தில் வருகிற மாதிரி ஒரு அடி நீட்டினால் பின் டயர் மேல் எடை விழாமல் சுழன்றுகொண்டே நிற்கும்.

நீட்டும்போது குழாயை வெட்டி அப்படியே முட்டுக்கு முட்டு ஒட்டக்கூடாது. உள்ளே ஒரு சிறிய குழாயை இரண்டு பக்கமும் போகும்படி செருகி, மேல் குழாயில் துளை போட்டு அங்கேயும் பற்றவைத்து, அதன் பிறகு சுற்றிலும் ஒட்ட வேண்டும். வெல்டிங் சூட்டில் இரும்பு இழுக்கும், ஆக ஜிக்கில் (அசையாமல் பிடிக்கும் சட்டகம்) இறுக்கிப் பிடித்துத்தான் ஒட்ட வேண்டும்.

நான் முதல் தடவை அவசரத்தில் வெளியே ஒரு பட்டறையில் கொடுத்து வாங்கினேன். பார்வைக்கு அழகாக இருந்தது. போட்டியில் மூன்றாவது கியருக்குப் போனதும் வண்டி இடது பக்கமே இழுத்துக்கொண்டு போனது. டயரா, காற்றா, என் உட்காரும் விதமா என்று நாள் முழுக்கக் குழம்பினேன். திரும்பி வந்து மீன் பிடிக்கும் நரம்பைப் பின் டயரின் இரண்டு பக்கமும் ஒட்டி முன் சக்கரம் வரைக்கும் இழுத்துக் கட்டிப் பார்த்தேன். பின் சக்கரம் 6 மி.மீ. விலகி நின்றது. இப்போதெல்லாம் எந்த வேலை முடிந்தாலும் முதலில் நரம்புதான். இரண்டு ரூபாய்ச் செலவு.

எஞ்சின்: கடைசியில்தான், ஆனால் இதில்தான் உயிர்

இதற்குத்தானே வந்தீர்கள், சரி.

முதலில் டிகிரி குறித்த வட்டு ஒன்றை, எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் மேக்னெட்டில் மாட்டுங்கள். பள்ளிக்கூட ப்ரொட்ராக்டரைப் பெரிதாக நகலெடுத்துத் தகட்டில் ஒட்டினாலும் போதும். பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது பூஜ்யம். மெதுவாகத் திருப்பி, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட் மயிரிழை திறக்கும் இடத்தில் டிகிரியைப் படியுங்கள். 86 டிகிரியில் திறந்தால், 180இல் 86ஐக் கழித்து இரண்டால் பெருக்கினால் 188 டிகிரி. அவ்வளவு நேரம் போர்ட் திறந்திருக்கிறது. 50 மி.மீ. ஸ்ட்ரோக்கில் போர்ட்டின் மேல் விளிம்பை 1 மி.மீ. உயர்த்தினால் இது சுமார் நான்கரை டிகிரி கூடும். எஞ்சின் மேல் ஆர்பிஎம்மில் நன்றாக மூச்சு விடும், கீழே சோம்பல் பிடிக்கும். ஃபைல் கையில் இருக்கும்போது இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தோன்றும். எடுத்த இரும்பைத் திரும்ப வைக்க முடியாது. புதியவர் 190ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. போர்ட்டின் விளிம்புகளை மழுக்கிவிட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ரிங் மாட்டிக்கொண்டு உடையும்.

பைப். வயிறு பெருத்த அந்த எக்ஸ்பான்ஷன் பைப் சத்தத்துக்காக இல்லை. வெளியேறும் புகையின் அழுத்த அலை பைப்பின் முடிவுக் கூம்பில் மோதித் திரும்பி வந்து, தப்பித்து ஓடப் பார்க்கும் புதுப் பெட்ரோல் கலவையைத் திரும்ப சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அலை சரியான நேரத்தில் திரும்ப வேண்டும் என்பதால் நீளம்தான் எல்லாம். கணக்கு இது: போர்ட் திறந்திருக்கும் டிகிரியை 43,000ஆல் பெருக்கி, அதிக சக்தி வேண்டிய ஆர்பிஎம்மால் வகுத்தால் மி.மீ. கிடைக்கும். 188 டிகிரி, 9,500 ஆர்பிஎம் என்றால் 850 மி.மீ. இது பிஸ்டன் முகத்திலிருந்து பின் கூம்பின் நடுப்பகுதி வரை. 1 மி.மீ. தகட்டில் கூம்புகளை விரித்து வரைந்து, வெட்டி, சுருட்டி, நீங்களே ஒட்டலாம். முதல் பைப் அசிங்கமாகத்தான் வரும். அலைக்கு அழகு தெரியாது.

அடுத்தது ஹெட். இரண்டு அளவு வேண்டும். ஒன்று, பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது அதன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி. எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் ஈயக் கம்பியை பிளக் துளை வழியாகச் சிலிண்டர் சுவர் தொடும் வரை விட்டு, கையால் எஞ்சினை ஒரு சுற்று திருப்புங்கள். நசுங்கிய முனையை மைக்ரோமீட்டரில் வைத்தால் இடைவெளி தெரியும். 0.9லிருந்து 1.0 மி.மீ. வரை இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். இரண்டாவது, எரிஅறையின் கொள்ளளவு. பிளக் துளை மேலே பார்க்கும்படி எஞ்சினைச் சாய்த்து, பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, மருந்துக்கடைச் சிரிஞ்சில் எண்ணெய் எடுத்து மரையின் மேல் விளிம்பு வரை நிரப்புங்கள். பிளக் மரையில் நிற்கும் சுமார் 2 சிசியைக் கழித்தால் கொள்ளளவு. 132 சிசி எஞ்சினில் 11.5 சிசி வந்தால் கம்ப்ரஷன் விகிதம் 12.5க்கு 1. பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலுக்கு அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

ஆயில் பம்பைக் கழற்றிவிட்டால் பெட்ரோலிலேயே ஆயில் கலக்க வேண்டும். லிட்டருக்கு 40 மில்லி, அதாவது 25க்கு 1. கலந்த கேனில் ‘ஆயில் போட்டாச்சு’ என்று எழுதி ஒட்டுங்கள். போட்டோமா இல்லையா என்று இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்ற கதை எனக்குத் தெரியும், அதில் ஒருவன் நான்தான். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்கு மெயின் ஜெட் ஒரு படியாவது பெரிதாக வேண்டும்.

ஜெட்டைப் பெரியதிலிருந்து சின்னதுக்கு வாருங்கள், ஒருபோதும் தலைகீழாக வேண்டாம். பெட்ரோல் அதிகமானால் வண்டி மேல் ஆர்பிஎம்மில் திக்கித் திணறும், அவ்வளவுதான். குறைந்தால் பிஸ்டன் சூடேறி சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு படியாகக் குறைத்துக்கொண்டே வந்து, திணறல் நின்று வண்டி சுத்தமாக இழுக்கும் ஜெட் கிடைத்ததும், அதற்கு ஒரு படி மேலே போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். பிளக்கைப் பார்க்கும்போது முழு ஆக்சிலரேட்டரில் ஓட்டி, கிளட்சைப் பிடித்து, அதே நொடி எஞ்சினை அணைத்து, தள்ளிக்கொண்டு வந்து பார்க்க வேண்டும். நுனியின் நிறம் இப்போதைய பெட்ரோலில் ஏமாற்றும். வெள்ளைப் பீங்கானின் அடியில், உள்ளே ஆழத்தில் ஒரு புகை வளையம் தெரிகிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

என் மூன்றாவது நோட்டில் சிவப்பு மையில் ஒரு பக்கம் உண்டு. ஒரு சனிக்கிழமை மதியம் 36 டிகிரி வெயிலில் ஜெட்டைச் சரியாகப் பிடித்துவிட்டேன், வண்டி பறந்தது. ஞாயிறு விடிகாலை முதல் ஓட்டம். மூன்றாவது கியரின் முடிவில் எஞ்சின் ஒரு நொடி ‘ஈ’ என்று இழுத்தது, பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. இடது கையின் இரண்டு விரல் கிளட்ச் லீவர் மேல் இருந்ததால் இன்று இதை எழுதுகிறேன். காரணம் சாதாரணம்: காலை 24 டிகிரி. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, மதியத்தைவிட 4 சதவீதம் அதிகக் காற்று உள்ளே போயிற்று, பெட்ரோல் அந்த அளவு கூடவில்லை. மதியத்து ஜெட் காலைக்குப் பத்தவில்லை. அன்றிலிருந்து நோட்டில் வெப்பநிலைக்கு ஒரு தனிக் கட்டம். கிளட்ச் மேல் இரண்டு விரல் எப்போதும்.

பல் கணக்கு

ஸ்ப்ராக்கெட்டை நண்பர் சொன்னார் என்று மாற்றாதீர்கள். பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தை 10 சுற்று சுற்றுங்கள். மேக்னெட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று ஒருவர் எண்ணட்டும். 74 என்றால் மொத்த விகிதம் 7.4. அடுத்து, டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, நீங்கள் மேலே உட்கார்ந்த நிலையில் வண்டியை உருட்டி ஒரு சுற்றின் நீளத்தை அளங்கள். 1.8 மீட்டர் வருகிறது என்று வைப்போம். முடிவுக் கோட்டில் 135 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 37.5 மீட்டர், சக்கரம் நிமிடத்துக்கு 1,250 சுற்று. கோட்டைத் தொடும்போது எஞ்சின் 10,000இல் இருக்க வேண்டும். 10,000ஐ 1,250ஆல் வகுத்தால் 8. உங்களிடம் இருப்பது 7.4. பின்னால் 38 பல் இருந்தால் 41 போடுங்கள். முடிந்தது.

முதல் பதினெட்டு மீட்டர்

இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் தாண்டிப் போவார்கள். ஓட்டத்தின் முதல் 60 அடி, அதாவது 18.3 மீட்டர், அங்கே 0.1 வினாடி தொலைத்தால் கடைசியில் அது ஏறக்குறைய 0.15 ஆகி நிற்கும். பத்துக் குதிரை அதிகமுள்ள வண்டியை, கிளட்ச் தெரிந்த பையன் ஆர்எக்ஸில் 200 மீட்டர் வரை முன்னால் விடாமல் வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பழக ஒரு தனியார் இடம் போதும். எங்களுக்கு மூடிய மில் வளாகம் ஒன்று கிடைத்தது, உரிமையாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டோம். பூஜ்யத்தில் ஒரு கோடு, 18.3 மீட்டரில் ஒரு கோடு, அதற்குப் பின்னால் நிற்க நூறு மீட்டர். பக்கவாட்டில் போனை ஸ்லோமோஷனில் வையுங்கள். வினாடிக்கு 240 படம் என்றால், முன் சக்கரம் அசைந்த படத்திலிருந்து இரண்டாவது கோட்டைத் தொட்ட படம் வரை எண்ணி 240ஆல் வகுத்தால் நேரம். 528 படம், 2.2 வினாடி. ஒரு மாலைக்கு இருபது ஸ்டார்ட், அதற்கு மேல் போனால் கிளட்ச் பிளேட் கருகும்.

உடம்பை டேங்க் மேல் கவிழ்த்து, மோவாய் மீட்டருக்குப் பக்கம் வர உட்காருங்கள். இரண்டு காலும் முதலில் தரையில். ஆர்பிஎம்மை 6,000, 6,500 என்று ஒரே இடத்தில் நிறுத்திப் பழகுங்கள், பதற்றத்தில் உறுமக்கூடாது. கிளட்சைப் பட்டென்று விட்டால் முன் சக்கரம் வானம் பார்க்கும், இல்லையென்றால் எஞ்சின் அணையும். நழுவ விட்டுக்கொண்டே ஐந்தாறு மீட்டர் போக வேண்டும்.

கிளட்ச் தொல்லையே வேண்டாம் என்றும் ஒருவர் ஓட்டியிருக்கிறார். அமெரிக்காவின் மிச்சிகன்காரர் ஈ.ஜே. பாட்டர் 1960 வாக்கில் ஷெவர்லே காரின் வி8 எஞ்சினை மோட்டார் சைக்கிளில் ஏற்றினார். பின் சக்கரத்தை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, முழு வேகத்தில் சுழலவிட்டு, ஸ்டாண்டைத் தட்டிவிட்டுக் கிளம்புவாராம். வீட்டில் கட்டிய வண்டிக்கு அவர்தான் உச்சம். நீங்கள் கிளட்சே பழகுங்கள்.

உடம்புக்கு

பைப்புக்கு வைத்த காசை முதலில் தோல் சூட்டுக்குக் கொடுங்கள். முகம் முழுக்க மூடும் ஹெல்மெட், தோல் சூட், கையுறை, கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ், முதுகுக் கவசம். மணிக்கட்டில் கயிறு கட்டிய கில் சுவிட்ச் வண்டிக்கு வேண்டும். நீங்கள் விழுந்தால் கயிறு இழுத்து எஞ்சின் அணைய வேண்டும். செயினுக்குக் கட்டாயம் மூடி. ஆயில் வடிக்கும் டிரெயின் போல்ட்டைக் கம்பி போட்டுக் கட்டுங்கள். ஆக்சிலரேட்டரை விட்டவுடன் பட்டென்று திரும்புகிறதா என்று ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னாலும் பாருங்கள். உரிமம், மருத்துவச் சான்று இவையெல்லாம் இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு (எஃப்எம்எஸ்சிஐ) வழியாகத்தான். போட்டிக்கு முந்தின வாரம் ஓடாமல், முன்பே வாங்கி வையுங்கள்.

போட்டி நாள்

விடிவதற்குள் போய்ச் சேருங்கள். சோதனையில் முதல் ஆளாக நின்றால், குறை சொன்னாலும் சரிசெய்ய நேரம் இருக்கும்.

கிளம்பும் கோட்டில், ஸ்டார்ட் விளக்குக் கம்பம் இருக்கும் இடத்தில், முன் சக்கரம் முதல் ஒளிக்கதிரைத் தொட்டதும் மேலே ஒரு விளக்கு, இன்னும் சில அங்குலம் உருட்டினால் இரண்டாவது விளக்கு. அங்கே நில்லுங்கள். மஞ்சள் விளக்குகள் அரை வினாடிக்கு ஒன்றாக இறங்கி வரும், அப்புறம் பச்சை. பச்சையைப் பார்த்துக் கிளம்பினால் தாமதம். கடைசி மஞ்சள் எரியும்போதே கை வேலையைத் தொடங்க வேண்டும். சக்கரம் முன்னதாகக் கோட்டை விட்டால் சிவப்பு, ஓட்டம் போச்சு.

ஓட்டம் முடிந்து கொடுக்கும் நேரச் சீட்டில் இரண்டு நேரம் தனித்தனியாக இருக்கும், இதில் புதியவர்கள் குழம்புவார்கள். ஓட்ட நேரம், உங்கள் சக்கரம் கதிரை விட்டு நகர்ந்த நொடியிலிருந்து. பச்சைக்கும் நீங்கள் நகர்ந்ததற்கும் உள்ள தாமதம் வேறு கணக்கு. 14.8 ஓடியவர் 15.0 ஓடியவரிடம் தோற்பது இப்படித்தான், பச்சையில் தூங்கியிருப்பார். வண்டியைக் குறை சொல்லாதீர்கள்.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் நிமிர்ந்து உட்காருங்கள், காற்றே பாதி பிரேக். பக்கத்து வண்டி எங்கே என்று தெரியாமல் குறுக்கே திரும்பாதீர்கள்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு, தண்ணீர் குடிக்கும் முன், நோட்டு. நேரம், வெப்பநிலை, காற்று எந்தப் பக்கம், டயர் அழுத்தம், மெயின் ஜெட், பல், கிளம்பிய ஆர்பிஎம், 18 மீட்டர் நேரம் கொடுத்தால் அது, முழு நேரம், வேகம், பிளக் எப்படி இருந்தது. பக்கத்தில் இருப்பவர் அடுத்த ஜெட் போடு, பல்லைக் குறை என்று ஆளுக்கு ஒன்று சொல்வார். தலையாட்டுங்கள், மாற்றாதீர்கள். முதல் நாள் ஒரே அமைப்பில் நான்கு ஓட்டம் ஓடி, நான்கும் 0.2 வினாடிக்குள் வந்தால், அன்றைக்கு அதுவே கோப்பை.

திங்கட்கிழமை

வீட்டுக்கு வந்ததும் வண்டியை மூலையில் சாய்க்கத் தோன்றும். அதற்கு முன் ஹெட்டைக் கழற்றிப் பிஸ்டன் தலையைப் பாருங்கள். ஓரத்தில் மணல் தூவியது போலப் பொரிந்திருந்தால் எஞ்சினுக்குள் தட்டல் இருந்திருக்கிறது. கம்ப்ரஷன் அதிகம், அல்லது இக்னிஷன் முந்துகிறது. செயினின் ஒவ்வொரு கண்ணியையும் விரலால் மடக்கிப் பாருங்கள். ஸ்விங் ஆர்மில் வெல்டிங் செய்த இடத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சாக்பீஸ் பொடி தடவி, மறுநாள் காலை பாருங்கள். விரிசல் இருந்தால் வெள்ளைப் பொடியில் ஈரக் கோடு எழுந்திருக்கும். டேங்கிலும் கார்பரேட்டர் கிண்ணத்திலும் மிச்சமிருக்கும் பெட்ரோலை வடித்துவிடுங்கள். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் ஜெட்டுக்குள் பச்சைக் களிம்பு ஏறி அடைத்திருக்கும்.